கப்பல் வெளியதான் நிக்கும்

என் அம்மா வழித் தாத்தா கடலூர் முதுநகரில் இருந்தவர். யாராவது பெரிய இடத்துச் சம்பந்தம், பெரிய கம்பெனி வேலை, பெரிய மனுஷன் சிபாரிசு என்று பேச ஆரம்பித்தால், வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, "கப்பல் வெளியதான் நிக்கும்பா" என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. சின்ன வயதில் அதை ஏதோ ஊர்ப் பழமொழி என்று நினைத்திருந்தேன். 1994-ல் அவர் காலமானார். அது பழமொழி இல்லை, அவர் பார்த்த வேலையைப் பற்றிய நேரடித் தகவல் என்று எனக்குப் புரிய முப்பது வருஷம் ஆகியிருக்கிறது.

போன பொங்கல் விடுமுறையில் அம்மா, எட்டாவது படிக்கும் மகள், நான் மூன்று பேரும் கடலூர் போனோம். என் திட்டம் ரொம்பத் தெளிவாக இருந்தது. காலையில் தேவனாம்பட்டினம், அங்கே செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம். மதியம் முதுநகர் துறைமுகம். மறுநாள் பரங்கிப்பேட்டை, சிதம்பரம். வழக்கம்போல திட்டம் பத்து மணிக்கே கவிழ்ந்தது.

தேவனாம்பட்டினத்தில் வெள்ளிக் கடற்கரை. ஊரில் எல்லோரும் சில்வர் பீச் என்றுதான் சொல்வார்கள். கரையை ஒட்டி ஒரு பூங்கா, ஊஞ்சல், சறுக்கு மரம், சிமென்ட் பெஞ்சு, சுண்டல் வண்டி. தெற்கே கொஞ்சம் நடந்தால் கெடிலம் கடலோடு சேரும் பகுதி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் முதுநகர், துறைமுகம், கலங்கரை விளக்கம். கெடிலத்தின் கரையோரம் புதருக்கு நடுவில் கொஞ்சம் செங்கல் சுவரைக் காட்டி, "இதுதான்டா கோட்டை" என்றேன். மகள் சுற்றிப் பார்த்தாள். "எது?" என்றாள்.

நியாயமான கேள்விதான். ஒரு காலத்தில் ஆங்கிலேயருக்குச் சோழமண்டலக் கரை முழுவதற்கும் தலைமையிடமாக இருந்த கோட்டை அது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரன் லா பூர்தொனே சென்னையைப் பிடித்ததும், கம்பெனியின் தலைமை இங்கேதான் வந்தது. 1752 வரை இங்கேயே இருந்தது. ராபர்ட் கிளைவ் சென்னையிலிருந்து மாறுவேஷத்தில் தப்பித்து ஓடிவந்து சேர்ந்த இடமும் இதுதான். குமாஸ்தாவாக வந்தவன் பட்டாளத்துக்காரன் ஆனது இங்கே. பிறகு 1756-ல் இதே கோட்டைக்கு கவர்னராகவும் இருந்தான். இவ்வளவும் நடந்த இடத்தில் இப்போது மகளுக்குக் காட்ட ஒரு சுவர்கூட உருப்படியாக இல்லை.

அவள் ஊஞ்சலுக்குப் போய்விட்டாள். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனில் என் எக்செல் தாளைத் திறந்தேன். மூன்று வருஷமாக இந்தக் கோட்டையைப் பற்றிச் சேர்த்து வைத்திருக்கும் தாள் அது. வருஷம், யார், யாரிடமிருந்து, எப்படி, குறிப்பு என்று ஐந்து பத்திகள். இத்தனை நாளும் முதல் நான்கைத்தான் படித்து வந்தேன். சின்னத் திரையில் அது சரியாகத் தெரியாமல் வலது பக்கம் தள்ளப்போக, குறிப்புப் பத்தி மட்டும் கண்ணில் பட்டது. மேலிருந்து கீழே படித்தேன். "படகு", "அலை", "காற்று", "கரை இறக்க முடியவில்லை", "மணல் மேடு", மறுபடியும் "படகு".

ஒரு ப்ரோக்ராமுக்கு மூன்று நாள் பக் தேடிவிட்டு, தவறான ஃபைலையே இத்தனை நேரம் திறந்து வைத்திருந்தோம் என்று தெரியும்போது வயிற்றில் ஒரு உணர்வு வருமே, அதுதான் வந்தது. இந்த ஊரின் வரலாற்றை நான் கோட்டையில் தேடியிருக்கிறேன். அது இருந்தது கோட்டைக்கும் கப்பலுக்கும் நடுவில் இருந்த தண்ணீரில்.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

1677-ல் சிவாஜி செஞ்சியைப் பிடித்த பிறகு இந்தப் பகுதி மராட்டியர் கைக்கு வந்தது. 1690-ல் தேவனாம்பட்டினத்திலிருந்த சிறிய கோட்டையை ஆங்கிலக் கம்பெனி அவர்களிடமிருந்து விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அதே யேல்தான். விற்பனையில் ஒரு விசித்திரமான ஷரத்து இருந்தது. கோட்டை மட்டுமில்லை, அங்கிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு தூரமும் கம்பெனிக்குச் சொந்தம். பீரங்கியைத் திசை திசையாகத் திருப்பிச் சுட்டார்கள். கடலூர் ஊரும் சுற்றியிருந்த கிராமங்களும் அதற்குள் விழுந்தன. கடலூரில் குண்டு சாலை என்றும், குண்டு உப்பலவாடி என்றும் பெயர்கள் இருப்பது இதனால்தான் என்று ஊரில் சொல்வார்கள்.

இதைச் சொன்னதும் எல்லோரும் சிரிப்பார்கள், நானும் பல பேரிடம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது வேறொன்று தோன்றியது. நிலத்தின் பக்கம் குண்டு விழுந்த இடத்தில் எல்லைக்கல் நடலாம். கடல் பக்கம் என்ன செய்ய முடியும்? அந்தப் பக்கத்து எல்லையை வைத்தது பீரங்கி இல்லை, மணல்.

நம் கிழக்குக் கரையில் ஆறுகளின் வாயைப் பார்த்திருக்கிறீர்களா? தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் அலை கரையோரமாக மணலை வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே போகும். கோடையில் ஆற்றில் தண்ணீர் இருக்காது, எதிர்த்துத் தள்ள ஆளில்லை. வாய்க்குக் குறுக்கே மணல் நாக்கு மாதிரி நீண்டு வளரும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் வந்தால்தான் உடைத்துக்கொண்டு திறக்கும். வருஷா வருஷம் இதே நாடகம். ஆகவே கெடிலம், உப்பனாறு, பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு, எல்லாவற்றின் வாயிலும் ஆழம் இல்லை. உள்ளே படகு வரும், தோணி வரும். கப்பல் வராது. கப்பல் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கு, சிப்பாய், பீரங்கி, அரிசி, கவர்னர், கவர்னரின் மனைவி, எல்லாமே படகில் இறங்கி, அலை உடையும் இடத்தைத் தாண்டித்தான் கரைக்கு வரவேண்டும்.

அதற்கென்றே இந்தக் கரையில் ஒரு படகு இருந்தது. மசூலா படகு என்பார்கள். பலகையைப் பலகையோடு கயிற்றால் தைத்திருப்பார்கள், இரும்பு ஆணி கிடையாது. ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அலையில் மோதி மணலில் தட்டினால் பிளந்துபோகும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். பக்கத்திலேயே கட்டுமரங்கள் போகும், யாராவது விழுந்தால் தூக்க. ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்ற சொல் இந்தக் கட்டுமரத்திலிருந்துதான் போனது. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கடலோடி வில்லியம் டாம்பியர் தன் பயணப் புத்தகத்தில் அதை எழுதிவைத்திருக்கிறார். உலகத்தில் பணக்காரர்கள் ஓட்டும் இரட்டை உடல் சொகுசுப் படகுக்கெல்லாம் இப்போது அந்தப் பெயர்தான். சொல் மட்டும் எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் எக்செல் தாள் வேறு மாதிரி தெரிகிறது.

1746 கடைசியில் சென்னை கையில் இருக்கும் தைரியத்தில் டூப்ளே செயின்ட் டேவிட் கோட்டையையும் பிடிக்க ஆள் அனுப்பினார். தரை வழியாக வந்த படை ஆற்காடு நவாபின் குதிரைப்படையிடம் அடிபட்டுத் திரும்பியது. அடுத்த சில வாரங்களில் 500 பேரைப் படகுகளில் ஏற்றி, ராத்திரியோடு ராத்திரியாகக் கடலூரில் இறக்கிவிடலாம் என்று பார்த்தார். காற்று எழும்பியது. படகுகள் திரும்பிப் புதுச்சேரிக்கே வந்து சேர்ந்தன. புதுச்சேரியில் அன்று துபாஷியாக வளர்ந்துகொண்டிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எந்தக் கப்பல் வந்தது, எத்தனை குண்டு போட்டது என்று இவ்வளவு அக்கறையாக எழுதுவது ஏன் என்று முன்பு யோசித்திருக்கிறேன். வெளியே நிற்கும் கப்பல்தான் ஊரின் அன்றைய செய்தி.

1749 ஏப்ரலில் ஒரு புயல். முந்தைய வருஷம் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றுவந்த அட்மிரல் போஸ்கவெனின் கடற்படை இந்தக் கரையோரம் நின்றிருந்தது. உள்ளே ஒதுங்க இடமில்லை. கொடிக்கப்பல் நாமுர், 74 பீரங்கி ஏந்தியது, செயின்ட் டேவிட் கோட்டைக்கு அருகே மூழ்கியது. 520 பேர் செத்தார்கள். பெம்ப்ரோக் என்ற இன்னொரு போர்க்கப்பலும் போனது, அதில் பிழைத்தவர்களைக் கைவிரலால் எண்ணிவிடலாம். போஸ்கவென் அன்று கரையில் இருந்ததால் பிழைத்தார். இந்தக் கரையில் ஆங்கிலேயருக்கு எந்தப் போரும் ஒரே ராத்திரியில் இவ்வளவு சேதம் செய்ததாக என் தாளில் இல்லை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூரில் கரை ஏறிய காலையைப் பார்த்தவர்களுக்கு அந்த ராத்திரி எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. முதுநகரில் எங்கள் பழைய வீட்டு ஓடு அன்றைக்குப் போனதுதான், பிறகு மாற்றவே இல்லை.

1758 ஏப்ரல் 28. லாலியின் பிரெஞ்சுப் படையோடு அட்மிரல் தாஷேயின் கப்பல்கள் திடீரென்று கடலூருக்கு எதிரே தோன்றின. அங்கே இரண்டே இரண்டு ஆங்கிலக் கப்பல்கள், ட்ரைட்டன், பிரிட்ஜ்வாட்டர். எங்கே ஓடுவது? ஆறு எதிரே இருக்கிறது, ஆனால் உள்ளே நுழைய ஆழமில்லை. எதிரி கையில் சிக்கக் கூடாது என்று மாலுமிகளே கரையில் முட்டவிட்டுத் தீ வைத்துவிட்டார்கள். மறுநாள் இங்கிலாந்து அட்மிரல் போகாக்கும் தாஷேயும் கடலில் மோதிக்கொண்டார்கள், யாருக்கும் பெரிய வெற்றியில்லை. ஜூன் 2 அன்று கோட்டை லாலியிடம் சரணடைந்தது. லாலி அதை இடித்துத் தரைமட்டமாக்கினார். "எது?" என்று என் மகள் கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். கோட்டை அதற்குப் பிறகு பழைய நிலைக்கு எழவே இல்லை.

மறுநாள் நாங்கள் போன சிதம்பரத்துக்கு இந்தக் கதையில் என்ன வேலை என்று தோன்றலாம். அம்மாவுக்கு நடராஜர் தரிசனம், எனக்கு வெளி மதில். அந்த நூற்றாண்டுச் சண்டைகளில் யார் கையில் அகப்பட்டாலும் அந்தக் கோயிலைக் கோட்டையாகத்தான் பயன்படுத்தினார்கள். உயரமான கல் மதில், உள்ளே குளம், மண்டபங்கள், வேறென்ன வேண்டும்? 1781-ல் அங்கே ஹைதர் அலியின் படை இருந்தது. ஜூன் 18 அன்று ஜெனரல் அயர் கூட் அதைத் தாக்கினார். முடியவில்லை, நல்ல அடி வாங்கித் திரும்பினார்.

திரும்பி எங்கே போனார் என்பதுதான் எனக்கு முக்கியம். பரங்கிப்பேட்டை. சிதம்பரத்திலிருந்து காரில் அரை மணி நேரம். போர்ச்சுகீசியர் 'போர்ட்டோ நோவோ', அதாவது புதுத் துறை, என்று பெயர் வைத்த வெள்ளாற்று வாய். கூட்டுக்கு அங்கே கோட்டையும் இல்லை, கொத்தளமும் இல்லை. இருந்தது கடல் மட்டும். சுற்றிலும் ஹைதரின் குதிரைப்படை. நாட்டில் ஒரு மாடும் ஒரு மூட்டை அரிசியும் கிடைக்காதபடி செய்திருந்தார்கள். எட்டாயிரத்துச் சொச்சம் பேருக்குச் சோறு கடல் வழியாகத்தான் வரவேண்டும். அதாவது கப்பல் வெளியே நிற்க, யாரோ படகில் அரிசி இறக்கவேண்டும்.

ஜூலை 1 அன்று கூட் அங்கிருந்து கடலூரை நோக்கிக் கிளம்பினார். ஹைதர் வழி மறித்தார். கடலோரமாக இருந்த மணல் மேடுகளுக்குப் பின்னால் ஒரு பாதை இருப்பதைக் கண்டுபிடித்து, படையில் ஒரு பகுதியை அதன் மறைவில் கூட் திருப்பிவிட்டார். கடலிலிருந்து ஒரு சிறிய ஆயுதக் கப்பல் ஹைதரின் குதிரைப்படை மேல் சுட்டது. எண்ணிக்கையில் பல மடங்கு பெரிய படை அன்று பின்வாங்கியது. பள்ளிப் பாடத்தில் போர்ட்டோ நோவோ யுத்தம் என்று ஒரு வரி படித்திருப்போம். கப்பலை வெளியே நிறுத்துகிற அதே மணல், இங்கே ஒரு சாம்ராஜ்யத்துக்கு மறைப்பாக நின்றிருக்கிறது. பி.முட்லூர் தாண்டி இன்றைக்கு அந்த வழியில் போனால் சவுக்குத் தோப்பும் முந்திரியும்தான். மகள் காரில் தூங்கிவிட்டாள், எழுப்பவில்லை.

என்னை அதிகம் தொந்தரவு செய்வது 1783. அதற்கு முந்தைய வருஷம் பிரெஞ்சுக்காரர்கள் கடலூரைப் பிடித்திருந்தார்கள். உள்ளே தளபதி புஸ்ஸி. வெளியே சென்னையிலிருந்து வந்த ஜெனரல் ஸ்டூவர்ட் முற்றுகை. ஜூன் 13-ல் நேரடித் தாக்குதல், இரண்டு பக்கமும் பெரும் சேதம். ஜூன் 20-ல் கடலூருக்கு எதிரே கடற்போர். பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரானிடம் 15 கப்பல், ஆங்கிலேயர் ஹ்யூஸிடம் 18. சுஃப்ரானுக்கு ஆள் போதாமல், கோட்டையிலிருந்த 1,200 சிப்பாய்களைப் படகில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோய், சண்டை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து இறக்கினார். ஹ்யூஸ் தண்ணீரும் இல்லாமல், ஆட்களுக்கு ஸ்கர்வி நோயும் வந்து சென்னைக்குத் திரும்பிவிட்டார். கடல் கைமாறிய அந்த நிமிஷமே, கரையில் முற்றுகையிட்டுக்கொண்டிருந்த ஸ்டூவர்ட் தானே முற்றுகையில் மாட்டியவர் போல ஆனார். ஜூன் 25-ல் பிரெஞ்சுக்காரர்கள் வெளியே வந்து தாக்கினார்கள், மறுபடியும் சாவு.

ஜூன் கடைசியில் வெள்ளைக்கொடியோடு ஒரு கப்பல் வந்தது. ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி அதில் இருந்தது. எப்போது ஆனது? ஜனவரி 20 அன்றே பூர்வாங்க ஒப்பந்தத்தில் கையெழுத்தாகியிருந்தது. ஐந்து மாதம்! சர்வர் பதில் சொல்ல ஐந்து விநாடி தாமதம் ஆனால் எங்கள் ஆபீசில் மீட்டிங் போடுவோம். இங்கே ஐந்து மாத லேட்டன்சியில், முடிந்துபோன ஒரு சண்டைக்காக ஆயிரக்கணக்கான பேர் கடலூர் மண்ணில் விழுந்திருக்கிறார்கள். அந்தச் செய்தியும் கடைசியாகப் படகில்தான் கரை ஏறியிருக்கும்.

இந்த இடத்தில் என் தாளில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. அட்மிரல்களின் பெயர் இருக்கிறது, மூழ்கிய கப்பல்களின் பெயர் இருக்கிறது, எத்தனை பீரங்கி என்று இருக்கிறது. 1,200 பேரை அலையில் ஏற்றி இறக்கிய படகுக்காரர்களில் ஒருவர் பெயராவது? நான் படித்த எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை. 'படகுக்காரர்கள் வர மறுத்தார்கள்', 'படகுக்காரர்கள் கூலி அதிகம் கேட்டார்கள்' என்கிற மாதிரிக் குறைகளில் மட்டும்தான் அவர்கள் வருகிறார்கள். அலையைப் பார்த்து இன்றைக்கு வேண்டாம் என்று சொன்ன ஒருவனைத்தான் 'மறுத்தார்கள்' என்று எழுதியிருப்பான், கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவன்.

முதல் நாள் மதியம் முதுநகரில் நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

சாப்பிட்டுவிட்டுத் துறைமுகத்துக்குப் போனோம். மீன்பிடிப் பக்கம் விசைப்படகுகள், ஃபைபர் படகுகள், ஐஸ் பெட்டிகள், வலை சரிசெய்துகொண்டிருந்த ஆட்கள். ஆற்று வாயில் இரண்டு பக்கமும் கல் கொட்டிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள், மண் அடைக்காமலிருக்க. (இப்படிக் கல் போட்டால் ஒரு பக்கம் மணல் சேரும், இன்னொரு பக்கம் கரை அரிக்கும். சென்னையில் துறைமுகச் சுவருக்குத் தெற்கே மெரினா அகலமானதும், வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்ததும் அதனால்தான். புதுச்சேரியிலும் இதே கதை.) வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"ஐயா, கடலுக்குப் போறதுல எந்த எடம் பயம்?"

"கடல்ல என்ன தம்பி பயம்? வாயிலதான் பயம். போறப்பவும் வர்றப்பவும்."

"என்ன பண்ணுவீங்க?"

"நிப்போம். அலைய எண்ணுவோம். பெருசு பெருசா வரும், அப்புறம் ஒரு எடவெளி குடுக்கும். அதுல புகுந்துடணும். அவசரப்பட்டவன் கவுந்துடுவான்."

மகள், "எத்தனை அலை தாத்தா எண்ணணும்?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். "அது பாத்தாத் தெரியும் கண்ணு. நம்பர் கெடையாது." சுனாமிக்கு முன்னாலும் இந்த வாய் இப்படித்தானா என்று கேட்க நினைத்தேன். 2004-ல் இந்த மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் போனார்கள், தேவனாம்பட்டினத்திலும் நிறைய. அவர் வீட்டில் யார் என்று தெரியாமல் அந்தப் பேச்சை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அம்மா அதுவரை பேசாமல் வந்தவர், பழைய சரக்குத் துறைப் பக்கம் கையைக் காட்டி, "தாத்தா அங்கதான் நிப்பாரு" என்றார்.

தாத்தா துறைமுகத்தில் ஏதோ கணக்கு வேலை என்று மட்டும் எனக்குத் தெரியும். அம்மா சொன்ன பிறகுதான் முழுசாக விளங்கியது. ஒரு ஷிப்பிங் ஏஜென்டிடம் டாலி கிளார்க். கடலூர் அப்போதும் நங்கூரத் துறைமுகம்தான். கப்பல் கரையிலிருந்து தள்ளி நிற்கும். சரக்கை ஆற்றுக்குள் லைட்டர் என்கிற பெரிய தோணிகளில் ஏற்றி, தண்ணீர் ஏறும் நேரம் பார்த்து வாயைத் தாண்டி இழுத்துப்போய், கப்பலோடு அணைத்து ஏற்றுவார்கள். தாத்தா நோட்டுப் புத்தகத்தோடு நிற்பார். மூட்டை என்றால் மூட்டைக் கணக்கு, தாது என்றால் லைட்டர் கணக்கு. நாலு கோடு கிழித்துக் குறுக்கே ஒரு கோடு, அது ஐந்து. அறுபதுகளில் இரும்புத் தாது நிறையப் போனதாக அம்மாவுக்கு ஞாபகம். சேலத்துத் தாது, ரயிலில் வரும், தாத்தா வேட்டியெல்லாம் செம்மண் நிறமாக இருக்கும் என்றார். 1830 வாக்கில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை போட்டு, அதே சேலத்துத் தாதுவைக் கொண்டுவந்து கரி போட்டு உருக்கினார். அது சில பத்தாண்டுகளில் மூடிப்போனது. கல் மட்டும் சேலத்திலிருந்து கடலுக்கு வந்துகொண்டே இருந்திருக்கிறது போல.

"மழைக்காலத்துல வேலையே இருக்காது. வீட்ல இருப்பாரு. அப்பதான் எங்களுக்குக் கத சொல்லுவாரு" என்றார் அம்மா. அக்டோபர் நடுவில் ஆங்கிலக் கடற்படை இந்தக் கரையை விட்டுப் போய்விடும், வடகிழக்குப் பருவம் முடிந்துதான் திரும்பும் என்று என் தாளில் 1740-களுக்கு எதிரே ஒரு குறிப்பு இருக்கிறது. தாத்தாவின் விடுமுறையும் அதே விடுமுறைதான்.

"அந்த நோட்டெல்லாம் என்னம்மா ஆச்சு?"

"எந்த நோட்டு?"

"தாத்தா எழுதுன கணக்கு."

அம்மா கொஞ்சம் யோசித்தார். பெரிய புத்தகமெல்லாம் ஏஜென்ட் ஆபீசுக்குப் போய்விடுமாம். ஆனால் தாத்தா தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்திருக்கிறார், கூலித் தகராறு வந்தால் பார்ப்பதற்கு. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம். எந்த லைட்டர், எத்தனை நடை, அதில் யார் யார் போனார்கள் என்று ஆள் பெயரோடு எழுதியிருப்பாராம். யார் வீட்டில் சாவு, யார் காய்ச்சலில் வரவில்லை என்பதுகூட ஓரத்தில் இருக்குமாம். நீல மை, சாய்ந்த எழுத்து. இரும்புப் பெட்டியில் ஒரு அடுக்கு இருந்தது.

"தாத்தா போனப்புறம் ஆயா கொஞ்சம் அடுப்புக்குப் போட்டாங்க. மீதிய நாந்தான் பேப்பர்காரனுக்கு எடைக்குப் போட்டேன். கிலோ ரெண்டு ரூவாயோ என்னமோ குடுத்தான்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப யாருக்குடா தெரியும்?" என்றார்.

1994-ல் நான் காலேஜ் இரண்டாம் வருஷம். துக்கத்துக்கு வந்து பத்து நாள் அந்த வீட்டிலேயே இருந்தேன். அந்தப் பெட்டி மேல் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.

மகள் வாயைப் பார்த்தபடி நின்று சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு ஃபைபர் படகு வெளியே காத்திருந்தது. அவள் பதினொன்று வரை வந்தபோது அது உள்ளே புகுந்தது.